தலையெழுத்தும் தலைப்பெழுத்தும்: திருமணத்துக்கு வெளியே பிறந்தவர்களின் பெயர்கள் குறித்துச் சில வாசிப்புகள்

'அப்பன் பேர் தெரியாத பயல்' என்பது தமிழில் வசவு. 'ஆத்தா பேர் தெரியாத பயல்' என்று யாரும் யாரையும் திட்டுவதில்லை. பெற்றவள் யார் என்பது ஊர் பார்க்க நடந்த காரியம், அப்பன் யார் என்பது நம்பிக்கை சார்ந்த விஷயம், ஆகவே வசவு அந்தப் பக்கம்தான் சாயும் என்று இதற்கு விளக்கம் சொல்லிவிடலாம். ஆனால் ஆவணக் காப்பகத்துக்குள் நுழைந்ததும் இந்தப் பொதுப்புத்தி தலைகீழாகிவிடுகிறது. கம்பெனி காலத்துச் சென்னையின் ஞானஸ்நானப் பதிவேடுகளில் அப்பன் பெயர் அழுத்தமாக எழுதப்பட்டு, அம்மா பெயரே இல்லாத பிள்ளைகள் ஏராளம். அதே நகரத்தில், சில தெருக்கள் தள்ளி, அம்மாவின் பெயரைத் தலைப்பெழுத்தாகக் கொண்ட, அப்பன் பெயரைச் சொல்லவேண்டிய அவசியமே ஏற்படாத பிள்ளைகளும் வளர்ந்தார்கள். இந்த இரண்டு வகைப் பிள்ளைகளையும் நீதிமன்றம் ஒரே சொல்லால்தான் அழைத்தது: முறைகேடாகப் பிறந்தவர்கள்.

குடும்ப வரலாறு தேடுவதை வெள்ளைக்காரர்களின் ஓய்வுக்காலப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவது நம் வழக்கம். (நம்மாட்கள் அதையே சாதி வரலாறு என்ற பெயரில் செய்து மூவேந்தர் வரை போய்விடுவதை யாரும் பொழுதுபோக்கு என்பதில்லை.) லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் சென்னை, கல்கத்தா, பம்பாய்ப் பதிவேடுகளைத் துழாவுவதற்கென்றே 1998இல் ஒரு சங்கம் தொடங்கப்பட்டு இயங்கிவருகிறது. இந்தத் தேடலில் ஈடுபடுகிறவர்கள் குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாகப் பின்னோக்கி ஏறுகிறார்கள். பெயர் என்பது ரத்தத்தின் தடம் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த ஏணி சடாரென்று உடைகிற இடம் திருமணத்துக்கு வெளியே பிறந்த ஒரு பிள்ளை. அங்கே பெயர் மாறியிருக்கும், பாதியாகியிருக்கும், புதிதாக முளைத்திருக்கும். உடைந்த இடத்தை 'விடுபட்ட தகவல்' என்று குறித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். எனக்கோ அந்த உடைப்புதான் முக்கியமான பிரதியாகப் படுகிறது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு வைக்கப்பட்ட பெயர், அது யாருடைய ரத்தம் என்பதைவிட, அதற்கு யார் சோறு போடுவது என்று எப்படி முடிவாயிற்று என்பதைத்தான் நமக்குச் சொல்கிறது.

இதை வெளிப்படையாகச் சொன்னவர்கள் ஆங்கிலேயச் சட்டக்காரர்களே. 1765இல் வெளிவரத் தொடங்கிய தன் சட்ட விளக்க நூலில் பிளாக்ஸ்டன் சொல்வதன் சாரம் இது: இப்படிப் பிறந்தவன் சட்டத்தின் முன் யாருடைய பிள்ளையும் அல்ல, யாருக்கும் வாரிசாக முடியாது, பெயரையும் வாரிசாகப் பெற முடியாது, ஆனால் ஊர் அவனை எப்படி அழைக்கிறதோ அந்தப் பெயரை அவன் சம்பாதித்துக்கொள்ளலாம். ஆக, பெயர் ஒருவகைச் சொத்து. முறைப்படி பிறந்தவனுக்கு அது பிதுரார்ஜிதம், மற்றவனுக்குச் சுயார்ஜிதம்.

யாருடைய பிள்ளையும் அல்ல என்று சட்டம் சொன்னாலும், அந்தப் பிள்ளையின் வயிறு அதைக் கேட்டுக்கொள்ளாதே. 1576லிருந்தே இங்கிலாந்தில் ஏழைகள் சட்டம் இந்தப் பிள்ளைகளின் பராமரிப்பைப் பெற்றவர்கள் தலையில் கட்டப் பார்த்தது; இல்லாவிட்டால் செலவு திருச்சபை வட்டாரத்தின் கணக்கில் விழும். 1733ஆம் ஆண்டுச் சட்டப்படி, கர்ப்பமான பெண் சத்தியம் செய்து ஒருவன் பெயரைச் சொன்னால், வட்டாரத்துக்குச் செலவு வராதபடி அவன் ஜாமீன் கொடுக்கவேண்டும், இல்லையென்றால் சிறை. இன்று குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்குத் தகப்பன் பெயரைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இந்த ஜாமீன் பத்திரங்கள்தாம், ஞானஸ்நானப் பதிவேடு அல்ல. தகப்பனைத் தேடியது ஒழுக்கத்தின் கண் அல்ல, கணக்குப்பிள்ளையின் கண். 1834இல் புதிய ஏழைகள் சட்டம் வந்தபோது பாரத்தைத் தாயின் மேல் தள்ளிவிட்டார்கள். அவன் சம்மதித்து உடன்வந்து கையெழுத்திட்டாலொழியத் தகப்பன் பெயரை எழுதக்கூடாது என்று 1875இல் பிறப்புப் பதிவுக்கும் விதி வந்தது. இந்தத் தடைகளைத் தாண்டப் பெண்கள் ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். அவனுடைய குடும்பப் பெயரைப் பிள்ளைக்கு நடுப்பெயராக வைத்துவிடுவது. சட்டம் எழுதாததை ஊர் வாசித்துக்கொள்ளும். எதிர்ப்பு என்று இதைச் சொல்லலாமா என்றால், சொல்லலாம் என்றே நினைக்கிறேன்.

நமக்குப் பழக்கமான ருஷ்யாவில் இது கத்தரிக்கோல் வேலையாகவே நடந்தது. இளவரசர் துருபெத்ஸ்கோயின் மகனுக்கு முதல் அசை வெட்டப்பட்டு 'பெத்ஸ்கோய்' என்று பெயர். ரெப்னினின் மகன் 'ப்னின்'. உன்னை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் சொத்தில் பங்கில்லை என்பதைப் பெயரின் நீளத்திலேயே அறிவித்துவிடுகிற முறை. முன்னவர் 1760களில் மாஸ்கோவின் அநாதைப் பிள்ளைகள் இல்லத்தை நிறுவினார். பின்னவர் இத்தகைய பிள்ளைகளுக்கு நியாயம் கேட்டு 1802இல் ஜார் அலெக்சாந்தருக்கே எழுதினார். ஹெர்சன் என்ற பெயரும் பரம்பரைப் பெயர் அல்ல. இதயத்துக்கான ஜெர்மன் சொல்லிலிருந்து தகப்பன் யாக்கவ்லெவ் உருவாக்கிக் கொடுத்தது.

இவர்களெல்லாம் பிரபுக்களின் பிள்ளைகள். தல்ஸ்தோய்க்குக் கல்யாணத்துக்கு முன் அக்சினியா என்ற குடியானவப் பெண்ணிடம் பிறந்த திமஃபேய்க்கு அரைப்பெயர்கூடக் கிடைக்கவில்லை. அக்சினியா ஏற்கெனவே கல்யாணமானவள் என்பதால் அவள் புருஷனின் பெயரே போதுமாயிற்று. திமஃபேய் பஸீகின் பிற்காலத்தில் அந்தக் குடும்பத்துக்கே வண்டி ஓட்டினான். திருமணத்துக்கு வெளியே பிறந்ததைத் திருமணமே மறைத்துவிடுகிற இடமும் உண்டு என்பதைக் குடும்ப மரம் வரைகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். திருமண உறவு நிலவும்போது பிறந்த பிள்ளை புருஷனுடையதே என்ற அனுமானத்தை நம் 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 112ஆம் பிரிவு இறுதிச் சான்றாகவே வைத்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அதுவே 116ஆம் பிரிவு. எண்தான் மாறியிருக்கிறது.

சென்னைக்கு வருவோம். புனித ஜார்ஜ் கோட்டைக்குள் செயின்ட் மேரி ஆலயம் 1680இல் திறக்கப்பட்டது. அந்தப் பத்தாண்டின் கடைசியில் லண்டன் இயக்குநர்கள் சென்னைக்கு ஒரு யோசனை எழுதியனுப்பினார்கள்: சிப்பாய்கள் இந்நாட்டுப் பெண்களை மணப்பதை ஊக்குவியுங்கள், பிறக்கிற பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆகிற அன்று தாய்க்கு ஒரு பகோடா கொடுங்கள். இங்கே பெயருக்கு நேரடியாகவே ஒரு விலை இருக்கிறது. போர்ச்சுகீசியக் கத்தோலிக்கத்தின் பக்கம் போகாமல் புராட்டஸ்டண்ட் கணக்கில் ஒரு தலை கூடவேண்டும். அதற்கு ஒரு வராகன். அந்தக் காசை வாங்கவேண்டிய கை தாயுடையது. ஆனால் பிற்காலப் பதிவுகளைப் புரட்டினால் பிள்ளைக்கு ஒரு கிறிஸ்தவப் பெயர், தகப்பனின் குடும்பப் பெயர், அவன் பதவி, தாயின் இடத்தில் 'இந்நாட்டுப் பெண்' என்ற ஒற்றைத் தொடர், சில இடங்களில் அதுவும் இல்லை. இந்தப் பெயரின்மையைத் தற்செயலான விடுபடலாகப் பார்க்கக்கூடாது, காலனிய ஆவணம் இயங்கும் முறையே அதுதான் என்று துர்பா கோஷ் 2000களில் விரிவாக எழுதியிருக்கிறார். மதம் மாறி ஞானஸ்நானம் பெற்ற பெண்களுக்கும் ஒரு முதல் பெயர்தான் மிஞ்சியது. குடும்பப் பெயர், ஊர், தகப்பன், சாதி எல்லாம் பதிவேட்டின் வாசலிலேயே கழற்றி வைக்கப்பட்டன.

அந்தத் தகப்பன் பெயர் எதற்கு உதவியது? கதவுகளைத் திறந்தது. 1787இல் சென்னையில் ராணுவத்தினரின் பெண்பிள்ளைகளுக்கும், 1789இல் எழும்பூரில் ஆண்பிள்ளைகளுக்கும் அநாதை இல்லங்கள் தொடங்கின. ஆண்பிள்ளைகளின் இல்லத்தில்தான் ஆண்ட்ரூ பெல் தன் புகழ்பெற்ற 'மெட்ராஸ் முறை'யை உருவாக்கினார்: பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுப்பது, மணலில் விரலால் எழுதுவது. மணல் எழுத்தை அவர் உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பார்த்துத்தான் எடுத்துக்கொண்டார். சிப்பாய்களுக்கும் இந்நாட்டுப் பெண்களுக்கும் பிறந்த பையன்கள், தாய்மாமன்மார் திண்ணையில் கற்ற அதே விதத்தில், மணலில் தகப்பனின் ஆங்கிலப் பெயரை எழுதப் பழகினார்கள். அந்தப் பெயர் இல்லாவிட்டால் இல்லத்தில் இடம் கிடையாது. தகப்பன் எழுதிக்கொடுக்காமல் போன பிள்ளைகள், தாய்வீட்டுத் தெருவிலேயே கலந்துவிட்டவர்கள், லண்டனில் தேடுகிறவர் கண்ணுக்கு என்றைக்கும் அகப்படமாட்டார்கள். அவர்கள் நம்மில் யாராகவும் இருக்கலாம்.

அடுத்துக் கதவுகள் மூடத் தொடங்கின. 1786இல் கல்கத்தா அநாதை இல்லத்து அதிகாரிகளின் பிள்ளைகள் படிப்புக்கு இங்கிலாந்து போகத் தடை; 1791இல் இந்தியத் தாய்க்குப் பிறந்தவர்களுக்குக் கம்பெனியின் சிவில், ராணுவ, கடல் பணிகளில் தடை; 1795இல் இருபுறமும் ஐரோப்பியரல்லாதவர்கள் படையில் குழல் ஊதலாம், முரசு அடிக்கலாம், லாடம் கட்டலாம், அவ்வளவுதான். பதிவேட்டில் தாயின் பெயரை எழுதாமல் விட்ட அதே அரசாங்கம், வேலை கொடுக்கும்போது தாயை மட்டும் மறக்கவில்லை!

ஹைதராபாத் ரெசிடெண்டாக இருந்த ஜேம்ஸ் கிர்க்பாட்ரிக்குக்கும் கைருன்னிசாவுக்கும் பிறந்த இரண்டு பிள்ளைகளின் கதை இப்போது பலருக்குத் தெரிந்ததே. முஸ்லிம் முறைப்படி நடந்த திருமணம் அது, ஆனால் கம்பெனியின் கண்ணுக்கு அது திருமணமாகப் படவில்லை. சாஹிப் ஆலம், சாஹிப் பேகம் என்ற இந்தச் சிறுபிள்ளைகளை 1805இல் சென்னையிலிருந்து கப்பலேற்றினார்கள். அதற்கு முன் சின்னரி என்ற ஓவியர் அவர்களை முகலாய உடையோடு வரைந்தார். அடுத்த ஆண்டு மார்ச்சில் லண்டன் மேரிலிபோனில் ஞானஸ்நானம். வில்லியம் ஜார்ஜ் கிர்க்பாட்ரிக், கேதரின் அரோரா கிர்க்பாட்ரிக் என்று புதிய பெயர்கள். தகப்பன் அதற்குள் கல்கத்தாவில் இறந்துவிட்டிருந்தான். தாய் 1813 வரை உயிரோடு இருந்தும் பிள்ளைகளை மறுபடி பார்க்கவில்லை. முழுப்பெயர் கிடைத்ததற்கு அவர்கள் கொடுத்த விலை தாய். ருஷ்யாவில் பெயரை வெட்டினார்கள், இங்கே பெயரை முழுசாகக் கொடுத்துவிட்டுத் தாயை வெட்டினார்கள்.

2013இல் பத்திரிகைகள் பரபரப்பாக்கிய இன்னொரு செய்தி. சூரத்தில் கம்பெனி வணிகர் தியடோர் ஃபோர்ப்ஸோடு வாழ்ந்த எலைசா கெவார்க்கை அவர் உயிலில் வீட்டு நிர்வாகி என்றே குறித்திருந்தார். குடும்பக் கதைகளில் அவள் ஆர்மீனியப் பெண். 1812இல் பிறந்த மகள் கேதரின் ஸ்காட்லாந்துக்கு அனுப்பப்பட்டு ஃபோர்ப்ஸ் என்ற பெயரோடு வளர்ந்தாள். தாய்வழியாக மட்டுமே இறங்கும் டி.என்.ஏ.வைச் சோதித்தபோது, அவளுடைய தாய்வழி இந்திய வழி என்று தெரியவந்தது. இந்த வம்சம் டயானா வழியாக வில்லியம் இளவரசரிடம் வந்து சேர்ந்ததால்தான் செய்தி. எலைசா எந்த வீட்டில் பிறந்தவள், என்ன மொழி பேசினாள் என்பதில் யாருக்கும் அக்கறை இல்லை; ராஜ ரத்தத்தில் எத்தனை சொட்டு என்பதுதான் கேள்வி. சோதனைக்கூடமும் பதிவேட்டைப் போலத்தான், பெயரில்லாத தாயை ஒரு குறியீட்டு எண்ணாக்கித் திருப்பித் தருகிறது.

தகப்பன் பெயரே சமூகமாக உறைந்தது 1935இல். ஆங்கிலோ இந்தியர் யார் என்பதற்கு அந்த ஆண்டின் இந்திய அரசாங்கச் சட்டம் சொன்ன வரையறை, தகப்பனோ ஆண்வழி முன்னோரில் ஒருவரோ ஐரோப்பிய வம்சாவளி என்பது. அரசியலமைப்பின் 366(2) அதை அப்படியே எடுத்துக்கொண்டது. நியமன இடங்கள் 2020 ஜனவரியில் போய்விட்டன. வரையறை இருக்கிறது, அதில் தாய் இல்லை.

இனி அந்த இன்னொரு தெரு. மதுரை சண்முகவடிவு சுப்புலட்சுமி எம்.எஸ். ஆனார், மெட்ராஸ் லலிதாங்கி வசந்தகுமாரி எம்.எல்.வி. ஆனார். இரண்டிலும் ஊரின் எழுத்து ஒன்று, தாயின் எழுத்து ஒன்று. கர்நாடக சங்கீத ரசிகர்கள் நாள்தோறும் உச்சரித்த இந்த எழுத்துக்களின் பின்னால் ஒரு முழுச் சொத்துரிமை ஏற்பாடு இருக்கிறது. கோயில் ஊழியத்துக்கான மானியம் பெண்வழியாக இறங்கியது. வீடும் நகையும் வித்தையும் மகளுக்கும் சுவீகார மகளுக்கும் போயின. சோறு யார் கையிலிருந்து வந்ததோ அவர் பெயரே தலைப்பெழுத்து. இதைப் புராதனத் தாய்வழிச் சமூகத்தின் எச்சம் என்று புல்லரிக்க வேண்டியதில்லை. 1014 வாக்கில் ராஜராஜன் தஞ்சைக் கோயிலில் வெட்டிய கல்வெட்டில் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள், எந்தக் கோயிலிலிருந்து வந்தவர்கள் என்ற விவரம், வீடு எந்த வரிசையில் எத்தனையாவது என்பது வரை இருக்கின்றன. ஒவ்வொருத்திக்கும் ஆண்டுக்கு நூறு கலம் நெல் ஒரு பங்கு. அவர்கள் பெயருக்கு முன்னால், தகப்பன் பெயர் வரவேண்டிய இடத்தில், 'நக்கன்' என்று நிற்கிறது. ஆய்வாளர்கள் அதைச் சிவனின் பெயராகக் கொள்கிறார்கள். பிற்காலத் தாசி முறையை அப்படியே சோழர் காலத்துக்குக் கொண்டுபோவது தவறு. ஆனால் நெல் அளந்தவன் பெயர் முன்னால் வருகிறது என்பது மட்டும் கண்ணில் படாமல் போகாது.

பிரிட்டிஷ் நீதிமன்றங்கள் 'இந்து சட்டம்' என்று தொகுத்ததில் ஒரு விசித்திரம் உண்டு. மிதாட்சரத்தின்படி, ஒரு சூத்திரனுக்கு அவன் தொடர்ந்து வைத்திருந்த பெண்ணிடம் பிறந்த மகன், தாசிபுத்திரன், சொத்தில் பங்கு கேட்கலாம். முறைப்படி பிறந்த மகன்கள் இருந்தால் அவர்கள் பங்கில் பாதி. மேல்மூன்று வருணத்தாருக்குப் பிறந்தவனென்றால் ஜீவனாம்சம் மட்டுமே. ஆக, பார்ப்பனரின் சின்னவீட்டுப் பிள்ளை சோற்றுக்கு மட்டும் உரியவன், சூத்திரரின் சின்னவீட்டுப் பிள்ளை பாதி வாரிசு. மேல்சாதிக் குடும்பச் சொத்து கீழே கசியாமலிருக்கவும், சூத்திரருக்கு 'முறையான' திருமணம் என்பதே அரைகுறைதான் என்று நிறுவவும் ஒரே விதி பயன்பட்டது. சூத்திரன் என்றால் தாசிமகன் என்ற மனுவின் பொருளைப் பெரியார் ஏன் திரும்பத் திரும்ப மேடையில் எடுத்தார் என்பதை இந்தப் பின்னணியில் வாசிக்கவேண்டும். அன்றாட நீதிமன்ற வழக்குகளில் உயிரோடிருந்த சொல் அது.

தாசி முறை ஒழிப்பில் தாசி மரபில் வந்த சந்திரம்மாளின் மகள் முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் போராடியதன் நியாயத்தை யாரும் குறைக்கமுடியாது. 1929ஆம் ஆண்டுத் திருத்தம் மானிய நிலங்களை ஊழியக் கட்டாயத்திலிருந்து விடுவித்து அந்தப் பெண்களுக்கே விட்டது. 1947ஆம் ஆண்டுச் சட்டம் பொட்டுக்கட்டுவதைத் தடைசெய்தது. ஆனால் இந்தச் சீர்திருத்தத்தால் அந்தச் சமூகத்து ஆண்களுக்குக் கிடைத்த லாபத்தை 1985இல் அம்ரித் சீனிவாசன் சுட்டிக்காட்டினார். 'தாசிகள் மோசவலை' நாவலை முன்வைத்து எஸ். ஆனந்தி 1991இல் எழுதிய கட்டுரை, பெண்களின் குரலை வேறு பக்கத்திலிருந்து கேட்கவைத்தது. நான் சேர்த்துக்கொள்ள விரும்புவது ஒன்றுதான்: பொட்டு போனபோது தாயின் தலைப்பெழுத்தும் போயிற்று. சுரண்டலும் தாய்ப்பெயரும் ஒரே மூட்டையில் கட்டிக் கிடந்தன, மூட்டையோடு சேர்த்தே எறிந்தார்கள்.

சரி, 'திருமணத்துக்கு வெளியே' என்கிறோமே, அந்த வெளியை வரைவது யார்? 1913 மார்ச்சில் தென்னாப்பிரிக்கக் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சர்ல், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவு செய்யப்படாத திருமணங்கள் செல்லாது என்ற பொருளில் தீர்ப்பளித்தார். கூலிகளாகப் போன தமிழ்க் குடும்பங்களின் மனைவிகள் ஒரே நாளில் வைப்பாட்டிகள், பிள்ளைகள் பெயரற்றவர்கள். தில்லையாடி வள்ளியம்மை சிறைக்குப் போன போராட்டத்தின் கோரிக்கைகளில் இதுவும் ஒன்று. அது வெள்ளைக்காரன் தீர்ப்பு. 1953இல் நம் சென்னை உயர்நீதிமன்றமும், சடங்கில்லாத சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று தெய்வானை ஆச்சி வழக்கில் சொல்லிற்று. தாலியும் ஐயரும் வேண்டாம் என்று முடிவெடுத்த ஆயிரக்கணக்கான பெற்றோர்களின் பிள்ளைகள் சட்டப்படி தாசிபுத்திரர் வரிசைக்குத் தள்ளப்பட்டார்கள். 1967இல் அண்ணா அரசு கொண்டுவந்த திருத்தம்தான், முன்பு நடந்தவற்றையும் சேர்த்து, அவர்களை உள்ளே கொண்டுவந்தது. இன்று தன் தாத்தா பாட்டியின் கல்யாணப் பத்திரம் தேடுகிற ஒரு திராவிட இயக்கக் குடும்பத்துப் பெண், அந்தப் பதினான்கு வருடங்களில் தன் அப்பா சட்டத்தின் கண்ணில் யாராக இருந்தார் என்றும் கேட்டுப் பார்க்கலாம்.

இதற்கிடையில் 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் சூத்திர தாசிபுத்திரனின் அரைப்பங்கை ஓசையில்லாமல் எடுத்துவிட்டது. முறைப்படி பிறக்காத பிள்ளைகள் தாய்க்கும், தங்களுக்குள் ஒருவருக்கொருவரும் மட்டுமே உறவினர் என்கிறது 3(1)(ஞ) பிரிவு. சாதி வேற்றுமை நீங்கிற்று, எல்லாப் பிள்ளைகளுக்கும் தகப்பன் சொத்து சமமாக இல்லை என்றாயிற்று. செல்லாத திருமணத்தில் பிறந்தவர்களுக்கு 1976ஆம் ஆண்டுத் திருத்தம் பெற்றோர் சொத்தைத் தந்தது. கூட்டுக்குடும்பச் சொத்தில் தகப்பனுக்கு உரிய பாகத்திலும் அவர்களுக்குப் பங்குண்டு என்று உச்சநீதிமன்றம் 2023 செப்டம்பரில் சொன்னது. கவனியுங்கள், அங்கும் செல்லாததாகவாவது ஒரு திருமணம் நடந்திருக்கவேண்டும். திருமணம் என்று ஒன்றுமே நடக்காத தாயின் பிள்ளை இன்னமும் 1956இல்தான் நிற்கிறது.

மணமாகாத தாய் தகப்பன் பெயரைச் சொல்லாமலே காப்பாளராகலாம் என்று 2015இல் தீர்ப்பு வந்தது. 2016 டிசம்பரில் பாஸ்போர்ட்டுக்கு ஒரு பெற்றோர் பெயர் போதும் என்று ஆயிற்று. இந்தச் சலுகைகளுக்குப் பின்னாலும் பழைய கணக்கு ஓடுகிறது. பெயர் கேட்கப்படாத இடத்தில் பங்கும் கேட்கமுடியாது. தாய்ப்பெயரைத் தலைப்பெழுத்தாக வைத்துக்கொள்ளும் உரிமைக்காகப் பேசுகிற நண்பர்கள், பெரும்பாலும் அடையாளத்தின் தளத்திலேயே நின்றுவிடுகிறார்கள். சண்முகவடிவின் 'எஸ்'ஸுக்குப் பின்னால் ஒரு வீடும் ஒரு வீணையும் இருந்தன. பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் மகளுக்குத் தன் எழுத்தை வைக்கிற ஒரு கட்டடத் தொழிலாளிப் பெண்ணுக்குப் பின்னால் என்ன இருக்கிறது, நலவாரிய அட்டையில் அந்தப் பிள்ளை யாருடைய வாரிசாக எழுதப்படுகிறது, வாடகை ஒப்பந்தம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்கவேண்டும். நூறு வருஷம் கழித்து யாராவது அந்தக் குடும்பத்தைத் தேடி வந்தால், பிறப்புச் சான்றிதழை அல்ல, அந்த அட்டையைத்தான் முதலில் எடுத்துப் பார்க்கச் சொல்வேன்.